ஐந்து பீடிக் கூலி

முக்கூடலுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. 1980களின் நடுவில் நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை இலை வெட்டுவது. முந்தின நாள் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்த பீடி இலையை எடுத்து, தகரத் தகட்டை மேலே வைத்து, அதன் அளவுக்குக் கத்தரியால் வெட்ட வேண்டும். நான் வெட்ட வெட்ட அம்மா சுற்றுவாள். மடியில் சுளகு, சுளகில் தூள். ஒரு சிட்டிகை தூளை இலையில் பரப்பி, விரல் நுனியில் உருட்டி, வாயை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுத்து அறுப்பதற்குள் அடுத்த இலை கைக்கு வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு.

சாயங்காலம் வேப்பமரத்து நிழல் எதிர்வீட்டுத் திண்ணையைத் தொடும்போது, பெரியம்மையும் மேலவீட்டு மதினியும் இன்னும் ஐந்து பேரும் சுளகைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். ஒருநாள் டீக்கடையிலிருந்து வந்த தினத்தந்தித் தாளை நான் சத்தமாகப் படித்தேன். மறுநாளும் கேட்டார்கள். பிறகு மதினி எங்கிருந்தோ ஒரு ராணிமுத்து நாவலை வாங்கி வந்தாள். அன்றைக்கு அம்மா தயங்கினாள். நான் வாசித்தால் இலை வெட்ட ஆளில்லை, அவளுக்குக் கட்டு குறையும். பெரியம்மைதான் தீர்ப்புச் சொன்னாள்: "புள்ள வாசிக்கிற நேரத்துக்குக் கூலி வேண்டாமாட்டி? ஆளுக்கு அஞ்சு பீடி ஒஞ்சொளவுல போட்டுருதோம்." ஏழு பேர், முப்பத்தைந்து பீடி. ஒரு கட்டும் பத்தும். அன்றிலிருந்து நாலரை மணி என்றால் அது வாசிப்பு நேரம். கல்யாண வீடு, துட்டி வீடு தவிர வேறு எதற்கும் அது நின்றதில்லை.

இது எங்கள் தெருவில் முளைத்த ஏற்பாடு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சுருட்டுத் தொழிலின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், பெரியம்மை சொன்ன அதே தீர்ப்பை உலகத்தின் வேறு மூலைகளிலும் தொழிலாளர்கள் சொல்லியிருப்பது தெரிந்தது.

கியூபாவில் இதற்கு ஒரு தொடக்க நாளே உண்டு. ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டு ஆலையில் 1865 டிசம்பர் 21 அன்று, சுற்றுகிறவர்களில் ஒருவர் எழுந்து மற்றவர்களுக்கு வாசிக்க ஆரம்பித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு சத்துர்நினோ மார்த்தினெஸ் என்பவர் 'லா அவுரோரா' என்ற தொழிலாளர் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அவரே பார்த்தகாஸ் ஆலையில் சுருட்டு சுற்றியவர். இரவில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவர். பகலில் புகையிலை, இரவில் புத்தகம் என்று இருந்த மனிதருக்கு, எழுத்தறியாத சக தொழிலாளிகளிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவர முடியும் என்று தோன்றியதில் வியப்பில்லை. சுருட்டு சுற்றுவதில் இயந்திர இரைச்சல் கிடையாது. கை ஓய்வதில்லை, காது சும்மா இருக்கிறது. இந்தத் தொழிலில் வாசிப்பு பிறந்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் திண்ணைக்கும் இதே காரணம்தான்.

சில வாரங்களில் பார்த்தகாஸ் ஆலையிலும் வாசிப்பு வந்தது. முதலாளி ஹைமே பார்த்தகாஸே வாசிப்பவருக்கு மேடை அமைத்துக் கொடுத்தார். கதை மட்டும் வாசிக்கவில்லை, பொருளாதார நூலும் வாசித்தார்கள். ஆறே மாதத்தில் அரசு விழித்துக்கொண்டது. புகையிலைப் பட்டறைகளில் வாசிப்பு கூடாது என்று 1866 மே மாதத்தில் ஸ்பானிய ஆளுநர் தடை போட்டார். 1868இல் விடுதலைப் போர் வெடித்ததும் சுருட்டுத் தொழிலாளர்கள் பலர் கடல் தாண்டி ஃபுளோரிடாவின் கீ வெஸ்டுக்குப் போனார்கள், 1886 முதல் தாம்பாவில் எழுந்த ஈபோர் சிட்டிக்கும் போனார்கள். வாசிப்பும் கூடவே போனது.

தாம்பாவில் அது எப்படி நடந்தது என்பதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நீண்ட கூடம், வரிசையாகப் பலகை மேசைகள், நடுவில் உயர்ந்த மேடை. வாசிப்பவர் மேடையேறிக் குரலெழுப்பினால் கடைசி மேசைவரை கேட்க வேண்டும், ஒலிபெருக்கி கிடையாது. அவரைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளர்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்து வாக்குப் போடுவார்கள். எந்த நாவல் என்பதற்கும் வாக்கு. காலையில் செய்தி, பிறகு தொழிலாளர் பத்திரிகை, மதியத்துக்கு மேல் நாவல்: விக்தோர் யூகோ, ஸோலா, செர்வாந்தெஸ். பிடித்த இடம் வந்தால் கை தட்ட முடியாது, கையில் இலை இருக்கும். அதனால் இலை வெட்டும் 'சாவேத்தா' என்ற வளைந்த கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். கூடம் முழுக்க அந்தச் சத்தம் எழும். வாசிப்பவருக்குக் கூலி முதலாளி தரவில்லை. ஒவ்வொருவரும் வாரம் 25 சென்ட் தங்கள் கூலியிலிருந்து எடுத்து வைத்தார்கள். அந்தக் காசு தங்களுடையது என்பதால்தான் எதை வாசிப்பது என்ற உரிமையையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

இந்தக் கூடங்களின் ஆட்களைத் தேடித்தான் 1891 நவம்பரில் ஹொசே மார்த்தி தாம்பாவுக்கு வந்தார். கியூப விடுதலைக்கு ஆள் திரட்டவும் பணம் திரட்டவும் வந்தவர் முன்னால் நின்றது, உலகச் செய்தியையும் யூகோவையும் கேட்டுப் பழகிய கூட்டம். போர்ட்டோ ரிகோக்காரி லூயிசா கபெத்தில்யோவும் இந்த மேடைகளில் ஏறியவர். பெண்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் எழுதியவர், 1915இல் கால்சட்டை அணிந்ததற்காக ஹவானாவில் கைது செய்யப்பட்டவர். ஆண்கள் நிறைந்த கூடத்தில் ஒரு பெண் குரல் மேடையிலிருந்து ஒலித்த நாட்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நியூயார்க்கிலும் வாசிப்பு இருந்தது. பின்னாளில் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த சாமுவேல் காம்பர்ஸ் இளவயதில் சுருட்டு சுற்றியவர். தன் பட்டறையில் நண்பர்கள் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் அவருக்குக் குறைகிற சுருட்டுகளைத் தங்கள் பங்கிலிருந்து கொடுத்து ஈடு செய்ததைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியம்மையின் அஞ்சு பீடி!

கண்ணூர்ப் பக்கத்துப் பீடிப் பட்டறைகளிலும் இதே கணக்குதான். ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் அவருக்காகவும் பீடி சுற்றிக் கொடுத்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து கேட்டவர்கள் ஒன்றாக நின்றார்கள். 1966 பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை ஏற்க மறுத்துப் பெரிய கம்பெனிகள் அங்கே கடையை மூடியபோது, 1969இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தாங்களே கட்டி எழுப்பினார்கள். அங்கேயும் வாசிப்பு தொடர்ந்தது.

எங்கள் ஜில்லாவில் பெரும்பாலும் அப்படிக் கூடி வாசிப்பது நடக்கவில்லை. பெண்கள் படிப்பில் ஆசையில்லாதவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்கிறவர்கள் எங்கள் திண்ணையைப் பார்க்காதவர்கள். இங்கே பட்டறைக் கூடம் கிடையாது. இலையும் தூளும் வீட்டுக்கு வரும், பீடி கடைக்குப் போகும். ஒவ்வொருத்தியும் தன் வாசலில், தன் அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் தனியே சுற்றினாள். வாசிக்க ஆள் வைக்க நாலு பேர் ஒரு இடத்தில் கூட வேண்டாமா? கற்க நேரமில்லை என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அந்த நேரத்தை யார் துண்டு துண்டாக வெட்டி வைத்தார்கள் என்று நான் பார்க்கிறேன்.

தாம்பாவின் மேடைகள் 1931 இறுதியில் இடிக்கப்பட்டன. தொழிலாளர்களைக் கெடுக்கிறார்கள் என்று வாசிப்பவர்களை முதலாளிகள் வெளியேற்றினார்கள், வேலைநிறுத்தம் நடந்தது, தோற்றது. மேடை இருந்த இடத்தில் வானொலி வந்தது. கியூபாவில் வானொலியும் வாசிப்பும் பக்கம் பக்கமாகப் பிழைத்தன. இன்றும் அங்கே ஆலைகளில் வாசிக்கிறார்கள். நான் வானொலியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "அந்த எடத்த இன்னொருக்கா வாசிட்டி" என்று வானொலியிடம் கேட்க முடியாது. திண்ணையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். சோகமான கட்டம் வந்தால் விரல்கள் மெதுவாகும், சத்தம் அடங்கும், யாராவது ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வாசிக்கச் சொல்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மாவுக்குச் சொற்களின் மேல் ஆசை வந்தது.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது முதலில் போய் உட்கார்ந்தது திண்ணைக் கூட்டம்தான். நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சுளகோடு போவாளாம். ஒரு கையால் சிலேட்டில் எழுதிவிட்டு, மாவு படிந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி இலையை எடுப்பாளாம். முதலில் தன் பெயரைப் படித்தாள். மாடத்தி. நாலு எழுத்து.

பீடிக் கடையில் பாஸ் என்று ஒரு புத்தகம் உண்டு, வருங்கால வைப்பு நிதிக்கும் மருத்துவ உதவிக்கும் அதுதான் ஆதாரம். அம்மாவின் பாஸ் கடையிலேயே இருந்தது, கணக்கப்பிள்ளை எழுதுவார், அவள் கைநாட்டு வைப்பாள். பதினோரு வருஷம் அப்படித்தான். அறிவொளிக்குப் போன நாலாவது மாதம், பீடியைக் கொடுத்துவிட்டு நின்றவள், மேசையில் கிடந்த பாஸைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ஒருமுறை கூட்டிவிட்டு, தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து கூட்டினாளாம்.

"அண்ணாச்சி, இதுல எம்பேரு இல்லியே" என்றாள். "இது யாரு, பேச்சியம்மா?"