மேடையில் விளைந்த குரல்: பாடகர் இளையராஜா

இளையராஜாவைப் பற்றிய ஆய்வுகள் இசையமைப்பாளரையே சுற்றி வருகின்றன. 1976இல் ‘அன்னக்கிளி’ உண்டாக்கிய திருப்பமும் 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய சிம்பொனியும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களோ ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஜேசுதாஸும் பாடக் காத்திருந்த காலத்தில், மெருகேறாத தன் குரலை அவர் ஏன் தேர்ந்தார்? இசையமைப்பாளரின் ஆசை என்ற விளக்கம் போதாது. அக்குரல் கம்பம் பள்ளத்தாக்கின் அரசியல் மேடையில் விளைந்தது. திரையிலும் அது மேடைக்குரலாகவே இயங்கியது என்பது என் வாதம்.

பள்ளத்தாக்கின் தென்கோடியில் கூடலூர். அதைத் தாண்டினால் குமுளி மலைப்பாதை. வடக்கே போடியிலிருந்து ஏறினால் தேவிகுளம், மூணாறு. இடைப்பட்ட பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சிக்காக இந்த ஊர்களிலும் மலைத்தோட்டங்களிலும் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பிரச்சாரத்திலும் அவர் பாட்டு ஒலித்தது. மக்கள் அறிந்த திரைமெட்டில் கட்சிச் சொற்களை ஏற்றுவது அவர் முறை. மெட்டு ஏற்கெனவே தெரிந்ததாகையால் கேட்பவர் கவனம் முழுதும் சொல்லுக்குப் போகும். ஒரு சொல் தெளியாவிட்டாலும் பாட்டு தோற்றது. தம்பி ராசையா, அதாவது இளையராஜா, பதின்ம வயதில் அக்குழுவில் சேர்ந்து பெண்குரலில் பாடினார். மகரக்கட்டு உடைந்ததும் அந்த இடம் போயிற்று; கை ஆர்மோனியத்துக்கு மாறியது. சொல்லை முன்னிறுத்தும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

களம் மாறினாலும் குரல்முறை நிலைப்பதற்கு வேறிடத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கப் பாடகர் சாம் குக் 1957இல் தேவாலயப் பாட்டுக்குழுவிலிருந்து வெகுசனப் பாடலுக்கு வந்தபோது சொற்கள் மாறின, குரல்முறை நிலைத்தது. பிரிட்டனின் பாப்-சோல் பாடகர்கள் அம்முறையை இசைத்தட்டுகளில் கேட்டுக் கற்றார்கள். இளையராஜாவோ அண்ணன் பக்கத்தில் நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பாடிக் கற்றவர்.

திரையிலும் அது மேடைக்குரலாகவே இயங்கியதற்கு வலுவான சான்று ‘நாயகன்’ (1987). ‘தென்பாண்டிச் சீமையிலே’ கமல்ஹாசன் குரலிலும் உண்டு. ஆனால் இளையராஜா பாடும்போது அது பாத்திரத்தின் வாயிலிருந்து வருவதில்லை. நடப்பதைப் பார்த்து இரங்கும் ஊராரின் குரலாக வெளியே நிற்கிறது. அசைவுகளும் அலங்காரமும் குறைவு, மெய்யெழுத்துகள் அழுத்தமானவை. நாயகனுக்குரிய இனிமை இங்கே ஏறியிருந்தால் அந்த இரக்கம் தனிமனிதச் சோகமாகச் சுருங்கியிருக்கும். ‘தாய் மூகாம்பிகை’யில் (1982) வாலி எழுதிய ‘ஜனனி ஜனனி’ கல்யாணி ராகத்தில் அமைந்தது. கச்சேரி வித்தகத்துக்கு அத்தனை இடமிருந்தும் அவர் அதை எளிய வேண்டுதலாகவே பாடுகிறார். அதனால்தான் இசை பயிலாதவர்களும் அதைக் கூடிப் பாட முடிகிறது.

காதல் பாடல்கள் இவ்வாதத்தை மறுக்கவில்லையா? ‘அலைகள் ஓய்வதில்லை’யின் (1981) ‘காதல் ஓவியம்’ உண்மையிலேயே சிக்கல்தான். அங்கே அவர் காதலனாகவே ஒலிக்கிறார். ‘ஊரு விட்டு ஊரு வந்து’ (1990) வேறு வகை. தம்பி கங்கை அமரன் எழுதி இயக்கிய அப்படத்தில், ‘சொர்க்கமே என்றாலும்’ நாயகனுக்கும் நாயகிக்கும் உரிய பாட்டு; எஸ். ஜானகி உடன் பாடுகிறார். வடிவம் டூயட், பொருளோ ஊர்ப்பாசம். காதலர் இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு, தாங்கள் பிரிந்துவந்த ஊரை நோக்கிப் பாடுகிறார்கள்.