ஏதிலியர் குடியமர்வில் குழுப் பொறுப்பேற்பு

ஏதிலியரை ஏற்றுக் குடியமர்த்துதல் அரசின் கடமை என்பது பொதுக் கொள்கை. அக்கடமையிற் குடிமக்களும் பங்குகொள்ளும் முறைக்குக் கனடா நாட்டின் 1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வழிவகுத்தது. 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐவரேனும் கூடிய குழுவோ திருச்சபையோ சங்கமோ ஒரு குடும்பத்திற்கு ஓராண்டு உறையுளும் உணவும் உடையும் அளிப்பதாக உறுதிகூறின், அரசின் ஆய்வுக்குப்பின் அக்குடும்பம் ஆண்டுக் குடியேறலாம்.

இம்முறை சட்டம் இயற்றியோரின் புத்தாக்கம் எனக் கோடல் பொருந்தாது. 1979 மார்ச்சில் அரசுடன் முதன்முதற் பொது உடன்படிக்கை செய்தது மென்னோனைட்டு நடுவண் குழு. அச்சமயத்தார் தாமே ஏதிலியராய் வந்தவர். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நலிய, 1923 முதல் 1930 வரை சோவியத்து நாட்டினின்று அவருள் ஏறத்தாழ 20,000 பேர் கனடா புகுந்தனர். பயணச் செலவைக் கனேடியன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனம் கடனாகத் தந்தது. முன்னரே அங்கு வாழ்ந்த அவர்தம் இனத்தார் 1922இல் நிறுவிய குழு அக்கடனுக்குப் பொறுப்பேற்றது. அது முற்றும் தீர்ந்த ஆண்டு 1946. இடையே பெரும் பொருளாதார வீழ்ச்சியும் ஓர் உலகப்போரும் கழிந்தன என்பது நோக்கற்பாலது. பிறர்க்குப் பிணைநிற்கும் பழக்கம் இவ்வாறு சட்டத்திற்கு அரை நூற்றாண்டு முற்பட்டதென்க.

இனி, அரசு அப்பழக்கத்தைக் கையாண்ட திறம் ஆராயத்தக்கது. 1979 சூலையில் இந்தோசீன ஏதிலியர் 50,000 பேரை ஏற்பதாகக் கனடா அறிவித்தது. முன்னரே ஒப்பிய 8,000 பேர் நீங்கலாக, 21,000 பேர் குழுக்களின் பொறுப்பு. எஞ்சிய 21,000 பேர் அரசின் பொறுப்பு. குழுவினர் ஒருவரை ஏற்பின் அரசும் ஒருவரை ஏற்கும் என்பது வாக்கு. சில திங்களிலேயே குழுக்கள் தம் அளவைக் கடந்தன. ஆகவே, திசம்பரில் அரசு அக்கூடுதலைத் தன் பங்கிற் கழித்துக்கொள்ள முற்பட்டது! தம் ஈகை அரசின் கைச்சுருக்கத்திற்குத் துணையாயிற்றெனக் குழுவினர் வெகுண்டனர், அவ்வெகுளி நேரிதே. 1980 ஏப்பிரலில் புதிய அரசு தன் பங்கில் 10,000 இடம் கூட்டிய பின்னரே அப்பிணக்குத் தணிந்தது. ஈராண்டில் வந்தோர் 60,000க்குச் சற்று மேல். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் குழுக்களின் பொறுப்பில் வந்தவர்.

குழுக்களின் உதவி அரசின் பங்கோடு கூட்டற்குரியதேயன்றி அதற்கு மாற்றாகாது என்னும் நெறி இப்பூசலிலேதான் கூர்மையுற்றது. அந்நெறி பின்னர் எத்துணை நிலைத்தது என்பது வேறு. 2019இல் கனடாவிற் குடியமர்ந்த 30,087 ஏதிலியருள் 19,143 பேர் குழுக்களால் ஏற்கப்பெற்றோர். அரசு தானே ஏற்றோர் பதினாயிரத்திற்கும் குறைவு. ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களோ தேக்கங் காரணமாக 2024 நவம்பரில் நிறுத்திவைக்கப்பெற்றன.