இராமேசுவரத்து வாப்பாவின் சம்மதம்

பசுவந்தனைக் கரிசலில் மழையை நம்பிப் பருத்தி விதைக்கும் நம் குடும்பங்கள், வளைகுடா வேலைக்குச் செல்லும் பிள்ளையை துஆச் செய்து அனுப்பிவிடுகின்றன. அதே பிள்ளை ஆறு மாதப் பயிற்சிக்கு வெளிநாடு செல்லட்டுமா என்று கேட்டால் மட்டும் தயங்குகிறோம். சம்பளமில்லாப் பயணம் எதற்கு என்கிறோம்.

தயக்கம் புதிதன்று. அப்துல் கலாம் படிப்புக்காக இராமநாதபுரம் புறப்பட்டபோதே, அவருடைய உம்மா ஆஷியம்மா தயங்கினார். அவரைத் தேற்றிச் சம்மதிக்க வைத்தவர், பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத வாப்பா ஜைனுலாப்தீன்.

1963இல் ராக்கெட் ஏவும் நுட்பம் பயில, ஆறு மாதப் பயிற்சிக்குக் கலாம் அமெரிக்காவின் நாசாவுக்குத் தேர்வானார். வயது முப்பதைக் கடந்தவர், உத்தியோகத்தில் இருப்பவர். எனினும் முதலில் ஊருக்கு வந்து வாப்பாவிடம் சொன்னார். பயன் இன்னதென்று தெரியுமுன்பே வாப்பா அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, நன்றித் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார்.

பம்பாய் விமான நிலையம்வரை வந்து வழியனுப்பியோரில் ஒருவர் மைத்துனர் ஜலாலுதீன். சென்னை எம்.ஐ.டி.யில் கலாமைச் சேர்ப்பதற்கான 1000 ரூபாய்க்காகத் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த அக்கா ஜொஹ்ராவின் கணவர் அவர். (நம் வீட்டுப் பெண்களின் நகைக்கும் கல்விக்குமான உறவு தனியே எழுதத்தக்கது.)

அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்து வரவேற்பறையில் ஓர் ஓவியம் கலாமை நிறுத்தியது. ஆங்கிலேயர்மீது ராக்கெட் ஏவும் திப்பு சுல்தானின் படை! நம் மண்ணின் வரலாற்றை அவர் அங்கே சுவரில் கண்டார்.

ஊர் திரும்பிய சில காலத்தில், 1963 நவம்பர் 21 அன்று, தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் விண்ணேறியது. அதை ஒருங்கிணைக்கும் பணியும் பாதுகாப்புப் பொறுப்பும் கலாமிடம் இருந்தன.