செயின்ட் லூயிஸ் கவுண்டி கோர்ட் பிறந்த கதை

1816-இல் செயின்ட் லூயிஸ், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஒகூஸ்ட் ஷூட்டோவும் நீதிபதி ஜான் லூக்காஸும், மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டிக்கு ஒரு மனையைத் தானமாகக் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: என்றென்றைக்கும் அங்கே கவுண்டியின் கோர்ட்தான் இருக்க வேண்டும். (1930-இல் கோர்ட் வேறு கட்டடத்துக்குப் போனதும் வாரிசுகள் இதைச் சொல்லியே நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள்.) கணக்குப் பார்க்காத தானம் என்று சொல்லிவிட முடியாது. கோர்ட் வந்தால் வக்கீல் வருவார், சாட்சி வருவார், பத்திரம் பதிய ஆள் வரும்; சுற்றியுள்ள மனைகளின் விலை ஏறும். இருவருக்கும் அங்கே நிலம் நிறைய இருந்தது.

1828-இல் செங்கல் கட்டடம் முடிந்தது. பத்தே ஆண்டில் இடம் போதவில்லை. 1839-இல் பெரிய கட்டடத்துக்குக் கல் நாட்டினார்கள். அது முழுதாக முடிய இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கவுண்டி கோர்ட்டில் விசாரணை மட்டும் நடக்கவில்லை. இறந்தவரின் சொத்தைப் பைசல் செய்ய ஏலமும் நடந்தது. செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசூரி அப்போது அடிமைமுறை இருந்த மாநிலம். மாடு, வண்டியோடு மனிதரும் சொத்துக் கணக்கில் வந்தார்கள். அவர்களைக் கோர்ட் வாசல் படிகளில் நிறுத்தி ஏலம் கூறினார்கள்.

அதே கோர்ட்டில் அடிமைகள் விடுதலை கேட்டும் வழக்குப் போட்டார்கள். அடிமைமுறை இல்லாத மண்ணில் எஜமான் குடிவைத்திருந்தால் விடுதலை உண்டு என்று மிசூரி கோர்ட்டுகள் பலமுறை தீர்ப்பளித்திருந்தன. அதை நம்பி, அப்படிப்பட்ட மண்ணில் வாழ்ந்திருந்த டிரெட் ஸ்காட்டும் மனைவி ஹாரியட்டும் 1846-இல் மனுக் கொடுத்தார்கள். 1847-இல் தோல்வி. காரணம் வேடிக்கையானது: இவர்களை இன்னாரிடமிருந்து வாடகைக்கு எடுத்தோம் என்று சொன்ன சாட்சி, பேரம் பேசியது என் மனைவி, எனக்கு நேரில் தெரியாது என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அடிமையாக வைத்திருப்பது யார் என்பதே நிரூபணமாகவில்லையாம்! 1850-இல் மறு விசாரணை. பன்னிரண்டு வெள்ளையர் அடங்கிய ஜூரி விடுதலை கொடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1852-இல் அதைப் பறித்தது. 1857-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. மூன்றில் நியாயம் தெரிந்தது கீழ்க்கோர்ட்டுக்குத்தான்.

அதே ஆண்டு மே மாதம், ஸ்காட் தம்பதி மீதான உரிமையைப் பெற்றுக்கொண்ட டெய்லர் புளோ என்பவர் இந்தக் கோர்ட்டிலேயே விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். 1858-இல் ஸ்காட் இறந்தார்.

கட்டடம் இப்போது தேசியப் பூங்காவைச் சேர்ந்த அருங்காட்சியகம். வருகிறவர்கள் விரும்பிப் படமெடுக்கும் இரும்புக் குவிமாடம் ஸ்காட் இறந்த பிறகு எழுந்தது.