வீடு தேடி வந்த இசை



மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரின் வீதிகளை வகுத்தது 1920களில். அந்த ஆண்டுகளில்தான் சென்னை மக்கள் வானொலியையும் முதன்முதலாகக் கேட்டனர். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927இல் அது நின்றுபோயிற்று. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. குப்பை வாரவும் தெருவிளக்கு ஏற்றவும் அமைந்த ஒரு சபை, மாலை வேளையில் மக்களுக்குப் பாட்டும் வழங்கியது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகிறது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றவே, அப்பணி அதன் கைக்கு மாறியது.

வானொலிக்கு முன்பே இசைத்தட்டு இருந்தது. ஆனால் பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே ஓடும். அரைமணி விரியவேண்டிய ஆலாபனையை அதற்குள் அடக்கினால் எஞ்சுவது என்ன? அக்குறையைப் பெரிதும் போக்கியது வானொலிக் கச்சேரியே.

இப்போது இணையவழி இசைச் சேவைகளின் காலம். ஸ்வீடன் நாட்டில் தோன்றிய ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. நம் நாட்டுச் சேவைகள் அதற்கு முன்பே இருந்தன. அண்மையில் நானும் ஒரு சேவையைச் செல்பேசியில் இலவசமாகக் கேட்டுப் பார்த்தேன். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பழைய பதிவுகள் விரல் நுனியில் கிடைத்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிறகு ஒரு ராகம் தானம் பல்லவியைத் தேடினேன். அதை மூன்று துண்டுகளாக வைத்திருந்தார்கள். வரிசையைக் கலைத்துப் போடும் வழக்கமுடைய அச்சேவை பல்லவியை முதலில் இசைத்து, ஒரு விளம்பரத்துக்குப் பின் தானத்தைத் தந்தது! ராகத்தின் உருவை ஆலாபனை எழுப்பிய பின்னரன்றோ பல்லவி பிறக்கவேண்டும்? கூரை வேய்ந்த பின் கடைக்கால் தோண்டுவாருண்டோ?

இச்சேவைகளின் கணக்கு முறையும் நோக்கத்தக்கது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நான்கு நிமிடத் திரைப்பாட்டும் நாற்பது நிமிடப் பல்லவியும் அக்கணக்கில் ஒன்றே. நீண்ட பாட்டைத் துண்டாக்கினால் கணக்குப் பெருகும் என்பது நீங்களே ஊகிக்கக்கூடியது.

இதனினும் என் கருத்தை ஈர்த்தது வேறொன்று. வானொலியில் யார் பாடுவது என்பதை நிலையத்தார் முடிவு செய்தனர். அதில் குறையுண்டு, விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் பெற இயலாது. ஆயினும் வாய்ப்பாட்டுக்குக் காத்திருந்தவன் அதற்கு முன்னர் ஒலித்த நாகசுரத்தையும் கேட்டான். கேட்டுக் கேட்டே அதன் சுவையை அறிந்தான். புதிய சேவையோ நான் எதைக் கேட்டேன், எதைத் தள்ளினேன் என்று குறித்துக்கொண்டு, அதற்கொத்ததையே மேலும் மேலும் நீட்டுகிறது. ஒரு வாரம் பாலசுப்பிரமணியத்தைக் கேட்டேன்; மறுவாரமும் அவரையே முன்வைத்தது. நாகசுரம் வேண்டுமென்றால் நானே பெயரைத் தட்டித் தேடவேண்டியிருந்தது.