ஆங்கிலச் சார்புத் தொடர்களில் முன்னிடைச்சொல்லின் இடம்: வழக்கும் விதியும்

முன்னுரை

வாழ்தல், பார்த்தல், பேசுதல் முதலிய அன்றாடச் செயல்களைக் குறிக்கும் ஆங்கில வினைகள் பெரும்பாலும் ‘இன்’, ‘அட்’, ‘அபௌட்’ போன்ற முன்னிடைச்சொற்களின் துணையோடு பெயரைக் கொள்கின்றன. இவ்வினைகள் ஒரு பெயரை விளக்கும் சார்புத் தொடரில் வரும்போது முன்னிடைச்சொல் எங்கு நிற்கவேண்டும்? ‘தி ஹவுஸ் தேட் ஹீ லிவ்ஸ் இன்’ என்பது பிழை, ‘தி ஹவுஸ் இன் விச் ஹீ லிவ்ஸ்’ என்பதே சரி எனக் கற்பிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்விதி மொழியின் தொல்வழக்கிலிருந்து பிறந்ததன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

தொல்வழக்கு

பழைய ஆங்கிலத்தில் சார்புத் தொடரை இணைக்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, வேற்றுமை ஏற்றுத் திரியும் சுட்டுப்பெயர். மற்றொன்று, ‘தெ’ என்னும் திரிபில்லாத இடைச்சொல். சுட்டுப்பெயர் வந்தவிடத்து முன்னிடைச்சொல் அதன் முன்னே நின்றது. ‘தெ’ வேற்றுமை ஏலாதாகையால், அது வந்தவிடத்து முன்னிடைச்சொல் தொடரின் உள்ளேயே, பெரும்பாலும் வினையை அடுத்துத் தங்கியது. பின்னர்ச் சுட்டுப்பெயரின் ஒரு வடிவமாகிய ‘தேட்’ திரிபிழந்து ‘தெ’யின் இடத்தைப் பெற்றது, பழைய அமைப்பும் அதனுடன் தொடர்ந்தது. ‘விச்’, ‘ஹூம்’ ஆகிய வினாச்சொற்கள் இணைப்புப் பெயர்களாகப் பரவியது இடைக்கால ஆங்கிலத்தில்தான். எனினும், 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் வெளிவந்த நகைச்சுவை விண்ணப்பமொன்றில், ‘ஹூ’வும் ‘விச்’சும் தம் உரிமையைத் ‘தேட்’ பறித்துக்கொண்டதாக முறையிடுகின்றன. வரலாறு இதற்கு நேர்மாறானது.

விதியின் தோற்றம்

1672இல் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் நடையில் இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல்லைக் குறையாகச் சுட்டினார். தம் எழுத்திலும் அக்குறை உண்டென ஒப்புக்கொண்டார். 1668இல் தாம் வெளியிட்ட நாடகக் கவிதை பற்றிய கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய தொடர்கள் பலவற்றைத் திருத்தினார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் இவ்வமைப்பைப் பிழை என்னவில்லை. அது உரையாடலுக்கு இயல்பானது எனவும், முன்னே நிறுத்துவது உயர்நடைக்கு ஏற்றது எனவுமே கூறினார். நடை பற்றிய இம்மதிப்பீடே பிற்காலப் பாடநூல்களில் இலக்கண விலக்காக இறுகியது. ‘தேட்’ தன் முன் முன்னிடைச்சொல்லை ஏற்பதில்லை என்பதால், இவ்விலக்கை முற்றாகப் பின்பற்றுவோர் அத்தகைய தொடர்களில் ‘தேட்’டையே கைவிட நேரும்.

தமிழ் மாணவர்க்குரிய சிக்கல்

தமிழ்ப் பெயரெச்சத்திற்கு இணைப்புப் பெயர் தேவையில்லை. இடம், காலம், கருவி, வினைமுதல் முதலிய அறுவகைப் பெயரையும் அது கொள்ளும் எனத் தொல்காப்பிய வினையியல் உரைக்கிறது. ‘அவன் வாழும் வீடு’ என்பதில் இடப்பொருள் உருபின்றியே புலப்படும். இவ்வழக்கில் பழகியோர் ஆங்கிலத்தில் ‘இன்’ என்பதை விட்டுவிடுதல் இயல்பு. இங்கு உண்மையான பிழை முன்னிடைச்சொல் இறுதியில் நிற்பதன்று. அது இல்லாமற் போவதே.

முடிவுரை

இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல் ஆங்கிலத்தின் பழைய மரபின் தொடர்ச்சி. அதன்மீதான தடை பிற்கால நடைவிருப்பின் விளைவு. எனவே, விடைத்தாளைத் திருத்துவோர் இவ்விரு அமைப்புகளையும் நடைவேறுபாடாகக் கொண்டு, முன்னிடைச்சொல் விடுபடுவதை மட்டுமே பிழையாகக் கருதுதல் தகும்.