மில்லர் கேட்ட கேள்வி

குத்தம்பாக்கம் பக்கமிருந்து திருமழிசை, பூவிருந்தவல்லி வழியாகச் சென்னைக்குள் போகிறவர்களுக்கு, எழும்பூரை நெருங்கும்போது ஒரு வெண்கோபுரம் கண்ணில் படும். 1821-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் அது. ஸ்காட்லாந்துக்காரர்களின் கோயில். அதன் போதகர்கள் இருவர் 1835-இல் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதை எடுத்து நடத்த 1837-இல் மிஷனரி ஜான் ஆண்டர்சன் கப்பலேறி வந்தார். பள்ளியைக் கருப்பர் நகரத்துக்கு, ஆர்மேனியன் தெருவுக்கு, கொண்டுபோனார். பிறகு செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் காஞ்சிபுரத்திலும் கிளைகள் எழுந்தன. காஞ்சிபுரத்துப் பள்ளி இன்றும் ஆண்டர்சன் பெயரில்தான் நடக்கிறது. சென்னையிலிருந்து அங்கே போகும் பழைய பாதை நம் குத்தம்பாக்கம் பக்கமாகத்தான் போயிற்று.

மிஷன் பள்ளிகளைப் பற்றி மலர்களில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடங்களையும் ஆண்டுகளையும் அடுக்குவார்கள். கடல் கடந்து வந்த ஓர் ஆசிரியருக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஆண்டர்சன் பள்ளி, பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த அந்த ஒரே நிறுவனம், இதற்கு மூன்று வெவ்வேறு விடைகளை வைத்திருக்கிறது.

முதல் விடை ஆண்டர்சனுடையது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தபோது மேல்சாதிப் பெற்றோர் கொதித்தார்கள். வெளியே அனுப்பாவிட்டால் தனிப் பெஞ்சாவது போடுங்கள் என்றார்கள். ஆண்டர்சன் இரண்டுக்கும் மறுத்துவிட்டார். பிள்ளைகள் கூட்டமாக வெளியேறினார்கள், அவர் அசையவில்லை. 1830-களின் சென்னையில் இது சின்னக் காரியமல்ல. ஆனால் 1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி மறுபடி காலியாயிற்று. அந்த இளைஞர்கள் வீட்டைவிட்டு மிஷன் வீட்டில் ஆசிரியரோடு குடியிருந்தார்கள். ஆசிரியர் தந்தையானார், பெற்ற தந்தை அந்நியரானார். இரண்டையும் ஒரே மனிதரின் கணக்கில்தான் எழுதவேண்டும்: சாதிக்கு வளையாத முதுகெலும்பு, பிள்ளையின் வீட்டைப் பார்க்காத கண். ஆண்டர்சன் 1855-இல் சென்னையிலேயே இறந்தார்.

இரண்டாம் விடையைத் தந்த வில்லியம் மில்லர் 1862-இல் வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்சோ என்ற ஊரில் பிறந்தவர். பள்ளி நலிந்து கிடந்தது. அவர் அதைக் கல்லூரியாக்கினார். 1877-இல் வேறு மிஷன்களும் கைகோத்தன, கிறித்தவக் கல்லூரி என்ற பெயர் நிலைத்தது. சொந்தப் பணத்தை வாரி இறைத்து விடுதிகள் கட்டினார். மதம் மாறியவர்களின் தலையை எண்ணுவது கல்லூரியின் வேலையல்ல, சமூகம் முழுவதிலும் மெல்லப் பரவும் சிந்தனையே அதன் பயன் என்பது அவர் கொள்கை. தாய்நாட்டில் காசு கொடுத்தவர்களுக்கு இது உவப்பாக இல்லை. இங்கே மாணவர்களோ அவர் உயிரோடிருக்கும்போதே பணம் திரட்டிச் சிலை வைத்தார்கள். ஷேக்ஸ்பியரைப் பாடம் நடத்துகையில்கூட அவர் மனம் இந்த ஊரிலேதான் இருந்திருக்கிறது. லியர் மன்னன் நாடகத்தையும் இந்திய அரசியலையும் சேர்த்துப் பேசி ஒரு நூலே எழுதினார்.

மில்லரைப் பற்றித் தமிழுலகில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வகுப்பில் டென்னிசனின் கவிதை நடந்துகொண்டிருக்கிறது. படகு செல்லும் அழகை அன்னத்தின் அசைவோடு ஒப்பிடும் இடம். இப்படியொன்று உங்கள் தமிழில் உண்டா என்று மில்லர் கேட்கிறார். மதுரை விளாச்சேரியிலிருந்து வந்த சூரியநாராயண சாஸ்திரி எழுந்து, கம்பனின் குகப்படலத்தில் இராமனை ஏற்றிய ஓடம் கங்கையில் அன்ன நடையில் போகும் பாடலைச் சொல்லி விளக்குகிறார். டென்னிசனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன் கம்பன். மில்லர் மகிழ்ந்து போனார் என்பார்கள்.

இந்தக் கதையைத் தமிழின் வெற்றியாகச் சொல்லிக் கைதட்டுவது நம் பள்ளி வழக்கம். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அதில் கொஞ்சம் சவால் இருந்திருக்கலாம், வெள்ளைக்கார மிதப்புகூட இருந்திருக்கலாம். ஆனாலும் பதில் தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கக்கூடும் என்று நினைக்காத ஆசிரியர் கேட்கவே மாட்டார். சாஸ்திரி பட்டம் பெற்றபின், அவருக்குத் தத்துவப் பாடம் நடத்தும் வாய்ப்பு வந்ததாகவும் தமிழே வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1893-இல் அதே கல்லூரியில் தமிழாசிரியரானார். தம் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவரும், தமிழை உயர்தனிச் செம்மொழி என்று முழங்கியவரும் இவர்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தாய்மொழிகளை விலக்கும் யோசனை 1902-இல் எழுந்தபோது, அவரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் எதிர்த்து நின்றார்கள். அப்போது துணைவேந்தர் நாற்காலியில் இருந்தவர் மில்லர். தமிழ் தப்பியது. அதில் மில்லரின் பங்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல நான் துணியமாட்டேன். 1903-இல் முப்பத்து மூன்று வயதில் பரிதிமாற் கலைஞர் மறைந்தார். தம் மாணவனைப் பறிகொடுத்த முதியவர் மேலும் சில ஆண்டு பணியாற்றிவிட்டு 1907-இல் ஓய்வு பெற்றார்.

பரிதிமாற் கலைஞர் மறைந்த அதே ஆண்டில்தான், மூன்றாம் விடையைத் தந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் சென்னைக்கு வந்தார். தத்துவ ஆசிரியர். கன்மக் கொள்கையை நேர்மையாக எதிர்கொள்ளாமல் இந்துக்களிடம் கிறித்துவைப் பேசிப் பயனில்லை என்று கருதியவர். கல்லூரி இதழில் அதைப் பற்றித் தொடராக எழுதினார். கட்டுரைகள் 1909-இல் நூலாயின. அவரிடம் படித்தவர்களில் ஒருவர், வேலூர் ஊரிஸ் கல்லூரியிலிருந்து வந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மிஷனரி ஆசிரியர்கள் இந்து மதத்தின்மேல் வைத்த விமர்சனம் தம்மைச் சுட்டதென்றும், அதனாலேயே தம் மதத்தை ஆழ்ந்து கற்கப் புகுந்ததாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற வாதத்துக்கு மறுப்பாக 1908-இல் எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். அது சுமாரான வேலைதான் என்று ஒரு மிஷனரி ஆசிரியர் ஒதுக்கியிருந்தால் கேட்பார் இல்லை. ஹாக்கோ அதைப் பாராட்டி நற்சான்று வழங்கினார். தம்மை மறுத்த மாணவனுக்குத் தம் கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முப்பது ஆண்டு கழித்து, 1938 டிசம்பரில், தாம்பரத்துப் புதிய வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர், கிறித்துவின் வெளிப்பாட்டுக்கும் பிற மதங்களுக்கும் நடுவே தொடர்ச்சியே இல்லை என்று தம் நூலில் வாதிட்டிருந்தார். கல்லூரியில் பத்தாண்டு முதல்வராயிருந்த ஹாக் அதை மறுத்தார். பிற மதத்தாரிடமும் உயிருள்ள விசுவாசம் உண்டு, கடவுள் அதற்கு விடையளிக்கிறார் என்பது அவர் கட்சி. கிரேமரும் ஜாவாவில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்தான், அனுபவமில்லாதவர் என்று தள்ளமுடியாது. ஆனால் ஹாக்குக்கு முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறை இருந்தது. நெற்றியில் நாமத்தோடும் திருநீற்றோடும் எதிரே உட்கார்ந்து, எழுந்து நின்று மறுத்துப் பேசிய பிள்ளைகளை அவர் பெயர் சொல்லி அறிவார். மாநாட்டு அறிக்கைகளில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை.